மூச்சு விடத் தெரியாதவள்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, மாதா கோயில் வாசலில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். "கடல் தண்ணி நெஞ்சுக்குள்ள போயிடுச்சாமே! ஊசி குத்தி எடுத்தாங்களாமே! ஏம்மா, மீன் குஞ்சு ஏதும் இருந்திச்சா?" என்று கேட்டார். கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

அன்றைக்குத்தான் இதை எழுதி வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். வாயால் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. என் நெஞ்சுக்குள் கடல் போகவில்லை. மீனும் போகவில்லை. நடந்தது வேறு.

நான் இந்த மலாய்த் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள். பெயர் பிலோமினா. கணவர் சூசை, துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. பிள்ளைகள் இல்லை. வீட்டில் மூன்றாவது ஆள் அவருடைய அக்கா ரோசம்மாள். தன் கணவர் இறந்த பிறகு எங்களோடு வந்து தங்கியவர். நல்ல மனுஷி. ஆனால் உலகத்தில் எந்த நோய்க்கும் அவரிடம் ஒரு காரணமும் ஓர் எண்ணெயும் உண்டு.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தஞ்சோங் புங்கா கடற்கரையில் ஒரு பங்களா இருக்கிறது. அதற்கு முன்னால் கடலுக்குள்ளேயே கம்புகளை நெருக்கமாக நட்டு அடைத்து ஒரு குளம்போலச் செய்திருக்கிறார்கள். மலாய்க்காரர்கள் அதைப் பாகார் என்பார்கள். கடல் ஏற்றம் வந்தால் உள்ளே தண்ணீர் நிறையும். சொறிமீன், பாம்பு எதுவும் சுலபமாக வராது. இரண்டு முனையிலும் இறங்குவதற்கு மரப் படிகளும் நிற்பதற்குப் பலகைத் தட்டும் உண்டு.

பெரிய வகுப்புப் பெண்கள் எல்லாரும் நீந்தக் கற்க வேண்டும் என்று சிஸ்டர் பெர்னதெத்துக்கு ஒருநாள் தோன்றிவிட்டது. பெண்களோடு தண்ணீரில் இறங்கி நிற்க ஒரு டீச்சர் வேண்டும். மற்ற டீச்சர்மார் எல்லாருக்கும் அன்றைக்கே சளி பிடித்துக்கொண்டது. நான் உயரமானவள், தண்ணீர் கழுத்துக்கு மேல் வராது என்று சொல்லி என்னை இறக்கிவிட்டார்கள். தையல் வகுப்பில் தைத்துக் கொடுத்த உடுப்பு கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை இருந்தது. நனைந்தால் ஒரு மூட்டை அரிசியைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும்.

சிஸ்டர் தண்ணீரில் இறங்கி நான் பார்த்ததே இல்லை. வெள்ளை அங்கியோடு பலகைத் தட்டில் நிற்பார். ஒரு கையில் குடை, ஒரு கையில் நீளமான மூங்கில். சிறு வயதில் தன் ஊர் ஏரியில் நன்றாக நீந்துவாராம். அவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான்: முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும்போதே மூச்சை மெதுவாக முழுவதும் வெளியே விட்டுவிட வேண்டும். வலது கை தண்ணீரை விட்டு மேலே எழும்பும்போது முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பி, வாயால் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, மறுபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துவிட வேண்டும். தலையைத் தூக்கவே கூடாது.

சொல்வதற்கு இவ்வளவுதான். பதினான்கு வயதுப் பெண்கள் சில வாரத்தில் படித்துக்கொண்டார்கள். எனக்கு வரவில்லை. முகம் தண்ணீரில் பட்ட உடனே மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அப்புறம் ஆற்றைக் கடக்கிற எருமைமாதிரித் தலையைத் தூக்கி, பழைய மூச்சை வெளியே விடாமலே புது மூச்சை இழுப்பேன். நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது? நாலு வீச்சுக்குள் நெஞ்சு வெடிக்கிறமாதிரி ஆகிவிடும். பக்கத்துக் கம்பைப் பிடிப்பேன். கம்பெல்லாம் சிப்பி. உள்ளங்கை கிழியும்.

"மிஸ் பிலோமினா, வெளியே விடுங்கள்!" என்று மேலே இருந்து சத்தம் வரும். மூங்கில் என் தோளைத் தட்டும்.

எப்படியோ தட்டுத் தடுமாறிப் பாதித் தூரம் போகிற அளவுக்கு வந்துவிட்டேன். அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வந்தது. எனக்கு ஒரு காய்ச்சலும் வந்தது. இருமல், உடம்பு வலி. ஆஸ்பிரின் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். காய்ச்சல் இறங்கிவிட்டது, நானும் மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பாகாரில் இறங்கியபோது, முன்பு வந்ததும் வரவில்லை. பாதி தூரம் கால்வாசி ஆயிற்று. பிறகு அதுவும் இல்லை. சிஸ்டருக்குக் கோபம். நான் பயிற்சி செய்யாமல் சோம்பேறித்தனம் பண்ணுகிறேன் என்று நினைத்தார். பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வலது விலாவில் ஒரு பிடிப்பு. இரவில் வலது பக்கம் சாய்ந்து படுத்தால்தான் தூக்கம் வரும். இடது பக்கம் திரும்பினால் யாரோ தலையணையை வைத்து அமுக்குவதுபோல் இருக்கும்.

ரோசம்மாள் அக்கா காயு பூத்தே எண்ணெயைச் சூடு காட்டித் தேய்த்தார். "வாயுப் பிடிப்புலா. அந்த ஈர உடுப்பப் போட்டுக்கிட்டு நிக்கிறல்ல, அதான். மூச்ச நல்லா இழுத்து விடு, சரியாப் போயிடும்."

சூசை ஆபீசிலிருந்து வந்து, "வேகமா நடக்காத, பிலோ. நிதானமா மூச்சு விடு" என்பார்.

எல்லாருமே நான் ஏதோ பிடிவாதமாக மூச்சு விடாமல் இருப்பதுபோலத்தான் பேசினார்கள்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, பாகாரின் நடுவில் எனக்குக் கண் இருண்டது. இரண்டு பெண்கள் என் கைகளைப் பிடித்துப் படிக்கு இழுத்து வந்தார்கள். உதடு நீலமாக இருந்ததாம். படியில் உட்கார்ந்து காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்த என்னைக் குனிந்து பார்த்து சிஸ்டர் சொன்னார்: "நான்தான் சொன்னேனே, நீங்கள் மூச்சை வெளியே விடுவதில்லை." அந்த மூங்கிலைப் பிடுங்கி இரண்டாக ஒடிக்கலாம் என்று ஆத்திரம் வந்தது. ஒடிக்கத் தெம்பில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே சூசையும் ரோசம்மாள் அக்காவும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீளமான வராந்தாவில் பெஞ்சுகள். கார்பாலிக் மருந்து வாசனை. எங்களுக்கு முன்னால் ஊர் முழுவதும் உட்கார்ந்திருந்தது. கூப்பிடுகிற ஆள் ஒவ்வொரு பெயரையும் மூன்று பாஷையில் தப்பாகக் கூப்பிட்டான். "பில்லாமனா" என்று அவன் கத்தியது என்னைத்தான் என்று எங்களுக்குப் புரிவதற்குள் எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு பேர் உள்ளே போய்விட்டார்கள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த மீசை, மெதுவான பேச்சு. என் முதுகில் இடது கை விரலைப் பதித்து, வலது கை விரலால் அதன்மேல் தட்டிக்கொண்டே மேலிருந்து கீழே வந்தார். இடது பக்கம் காலி டின்னைத் தட்டுகிற சத்தம் கேட்டது. வலது பக்கம் பாதிக்கு மேல் எண்ணெய் நிரம்பிய டின். அந்த வித்தியாசம் எனக்கே காதில் விழுந்தது.

"எத்தனை நாளாய் இப்பிடி, பிள்ளை?"

"ரெண்டு மாசமா இருக்கும், டாக்டர். எனக்கு மூச்சு விடத் தெரியலன்னு எல்லாரும் சொல்றாங்க."

"தெரியாமலில்லை. விட இடமில்லை" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்குக் கோயில் கட்டலாம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எக்ஸ்ரே எடுக்கிற அறையில் சில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கச் சொன்னார்கள். "மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குங்க, விடாதீங்க" என்றான் அங்கிருந்தவன். அதுதான் எனக்குக் கைவந்த கலை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தன் என்னிடம் அதைக் கேட்டான்.

படத்தில் இடது நுரையீரல் கறுப்பாக இருந்தது, அதுதான் சரியாம். வலது பக்கம் கீழே எல்லாம் வெள்ளை. டாக்டர் எங்கள் மூன்று பேருக்கும் விளக்கினார். நுரையீரலைச் சுற்றி மெல்லிய தோல் இரண்டு அடுக்கு உண்டு. அந்த இரண்டுக்கும் நடுவே நீர் கட்டிக்கொண்டிருக்கிறது. அது நுரையீரலைக் கீழே இருந்து அமுக்குகிறது. "நெஞ்சுக்குள்ள தண்ணி நிக்குது. அதை எடுக்கவேணும்."

அவர் 'தண்ணி' என்று சொன்னதுதான் தாமதம், ரோசம்மாள் அக்கா தம்பியின் பக்கம் திரும்பினார். "பாத்தியா? பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்லா! அந்தக் கடல்ல குடிச்ச தண்ணி!"

"அக்கா, இது உடம்புல ஊறுற நீரு" என்றேன்.

"நீ சும்மா இரு. டாக்டர், அது உப்புக் கரிக்குதா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் குடிச்சுப் பாக்கேல்லை, அம்மா. இன்னும் எடுக்கவே இல்லை."

"எடுத்துட்டுச் சொல்லுங்க."

அன்று சாயந்திரத்துக்குள் எங்கள் தெரு முழுவதும் செய்தி பரவிவிட்டது. கான்வென்ட் டீச்சர் கடலைக் குடித்துவிட்டாள்.

பெண்கள் வார்டில் எனக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. நீர் எடுக்கிற நாளில் என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, முன்னால் மேஜையில் தலையணை போட்டுக் கவிழ்ந்துகொள்ளச் சொன்னார்கள். முதுகில் மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. பிறகு பெரியது. அது இரண்டு விலா எலும்புக்கு நடுவே போகும்போது வலியைவிட ஒரு கனத்த அழுத்தம்தான் தெரிந்தது. அசையாதே, இருமாதே என்றார்கள். இருமாதே என்று சொன்னவுடன் இருமல் வராமல் இருக்குமா? பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். குழாய் வழியாக ஒரு கண்ணாடி ஜாடிக்குள் நீர் இறங்கியது. தேநீரை நிறைய நீர் விட்டுக் கலந்தால் வரும் நிறம். ஜாடி நிறைய நிறைய, அடங்கிக் கிடந்த நுரையீரல் உள்ளே விரிவது தெரிந்தது. ரொம்ப நாள் மடித்து வைத்த துணியை உதறுகிறமாதிரி ஒரு கூச்சம், ஒரு குத்தல்.

கதவிடுக்கில் நின்று அந்த ஊசியின் நீளத்தைப் பார்த்துவிட்ட ரோசம்மாள் அக்கா, ரிக்‌ஷா ஏறிக் கோயிலுக்குப் போய்ச் சாமியாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், அவஸ்தை பூசுவதற்கு. சாவப் போகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெய். சாமியார் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது, நான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தேன். பல வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசித்தது. அவர் என்னையும் ரொட்டியையும் பார்த்தார். எண்ணெய்க் குப்பியை அங்கிக்குள் வைத்துக்கொண்டு, தலையில் சிலுவை வரைந்தார். போகும்போது, "நல்லா மூச்சை இழுத்து விடும்மா" என்றார். அவருமா!

இனிமேல்தான் உண்மையான பயம். இப்படி நீர் கட்டுவதற்கு முக்கியமான காரணம் இரண்டு என்றார் டாக்டர். ஒன்று, நான் கவனிக்காமல் விட்ட அந்தக் காய்ச்சல், நுரையீரலில் இறங்கிய காய்ச்சலாக இருக்கலாம். அப்படியானால் மெல்ல ஆறிவிடும். இன்னொன்று காசநோய்.

காசநோய் என்றால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தனி வார்டு. பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்க்கமாட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு இருக்கிற வேலை அல்லவா? அதைவிட, நம் தட்டு, நம் டம்ளர், நம் வீட்டுத் தின்பண்டம் எதையும் யாரும் தொடமாட்டார்கள்.

"எதுன்னு எப்படித் தெரியும், டாக்டர்?" என்று சூசை கேட்டார்.

"எடுத்த நீரில கொஞ்சத்தை ஒரு கினிப்பன்றிக்கு ஊசி ஏத்துவம். அதுக்கு நோய் வந்தால் இவவுக்கும் இருக்கு. வராட்டில் இல்லை. சில கிழமை பொறுக்கவேணும்." கிழமை என்று அவர் சொன்னது வாரத்தை.

கினிப்பன்றி என்பது பன்றி இல்லை. வாலில்லாத, கொழுத்த எலி. ஆஸ்பத்திரியின் பின்பக்கம் பரிசோதனைக் கூடத்தில் கூண்டு கூண்டாக வைத்திருப்பார்கள். அதில் ஒன்று எனக்கு. இருபத்தொன்பது வயது வரை படித்து, பாஸ் பண்ணி, பிள்ளைகளுக்கு ஏ பி சி சொல்லிக்கொடுத்து, கடைசியில் என் தலையெழுத்து ஓர் எலியின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அது சாப்பிடுகிறதா, இளைக்கிறதா என்று பார்ப்பதற்கு நாங்கள் மூன்று பேரும் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும் நாளில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். நீர் எடுத்தாலும் நுரையீரல் முழுவதும் விரியவில்லை. இரண்டு அடுக்குத் தோலும் கீழே ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. விரியாமலே போனால், மறுபடி நீர் கட்டும். அது சீழாக மாறினால் விலா எலும்பை அறுத்துக் குழாய் வைக்க வேண்டியிருக்கும். அப்படி நடந்தவள் பக்கத்துக் கட்டிலிலேயே இருந்தாள். ஜொகராம்மா. கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஒருவரின் மனைவி. எலும்பு அறுத்த காயத்தில் குழாயோடு உட்கார்ந்துகொண்டு, கறியில் உப்புப் போதவில்லை என்று ஆஸ்பத்திரிச் சமையல்காரனைக் கூப்பிட்டனுப்பித் திட்டுகிற பெண்மணி.

வேலை இதுதான். இரண்டு பெரிய கண்ணாடிப் புட்டிகள், நடுவே குழாய். ஒன்றில் சிவப்புச் சாயத் தண்ணீர். அதன் குழாயில் வாயை வைத்து ஊதினால், தண்ணீர் அந்தப் புட்டியிலிருந்து மற்றப் புட்டிக்குப் போக வேண்டும். முழுவதையும் மாற்றினால் நெஞ்சு விரிகிறது என்று அர்த்தம். காலையும் மாலையும், மிஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் வந்து எங்கள் இரண்டு பேர் மடியிலும் ஆளுக்கொரு ஜோடி வைத்துவிட்டுப் போவாள்.

ஜொகராம்மா ஒரே ஊதில் புட்டியைக் காலி செய்துவிடுவார். "எங்க கடையில கூட்டத்துக்கு நடுவுல நின்னு அடுப்படிக்குக் குரல் குடுக்கணும் புள்ள. ஊதறதெல்லாம் ஒரு வேலையா?"

நான் ஊதினால் ஒரு விரல் அளவு தண்ணீர் அசையும். மூச்சை இழுப்பேன், பிடிப்பேன், கன்னம் உப்பும், தலை சுற்றும், தண்ணீர் அப்படியே நிற்கும். பாகாரில் செய்த அதே தப்பு. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இழுக்கிறதில கவனம் வையாதேங்கோ, பிள்ளை. முழுக்க வெளியில விடுங்கோ. உள்ளுக்கு வாறது தானாய் வரும்" என்றார். கடலுக்கு நடுவே கேட்ட அதே உபதேசம். நான் தப்பி ஓட இந்தத் தீவில் இடமில்லை.

ரோசம்மாள் அக்கா தினமும் பகல் சாப்பாட்டுக்கு மீன் சூப்போடு வருவார். கட்டிலோரம் உட்கார்ந்து முழங்கையால் இடிப்பார். "ஊது. ஊது. இன்னும் ஊது. ஜொகராம்மாவப் பாரு." சூப்பு நன்றாக இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்திருப்பார்.

ஆனால் அவர் என் கட்டிலுக்கு நேராக வருவதில்லை என்பது சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. முதலில் பரிசோதனைக் கூடத்துக் கதவண்டை போய் நிற்கிறார். அங்கே உதவியாளாக இருக்கும் டிரெஸ்ஸரைப் பிடித்து எலியை விசாரிக்கிறார். கடுதாசியில் வெள்ளரிக்காயும் கங்கோங் கீரையும் மடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். இதை எனக்குச் சொன்னது அந்த டிரெஸ்ஸர்தான். சிரித்துக்கொண்டு வந்து, "டீச்சர், உங்க நாத்தனார் இன்னிக்கு எலிக்கு லூர்து மாதா தீர்த்தம் கொண்டாந்திருக்காங்க" என்றான். வார்டு முழுவதும் சிரித்தது. ஜொகராம்மா குழாய்க் காயத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்றைக்கு அக்கா வந்ததும் கேட்டேன்.

"அக்கா, எலிக்குத் தீர்த்தம் குடுத்தீங்களா?"

"ஒரு சொட்டுதான்."

"எல்லாரும் சிரிக்கிறாங்க, அக்கா."

"சிரிக்கட்டும். அது நல்லாத் தின்னுச்சு. என் கையிலேருந்தே வாங்கித் தின்னுச்சு. கண்ணு பளபளன்னு இருக்கு. நீ ஊது."

குழாயை வாயில் வைத்துக்கொண்டேன். உஸ்ஸென்று ஒரு பெருமூச்சுத்தான் வந்தது. சலிப்பில் தோள் இறங்கி, நெஞ்சு தளர்ந்து, இருந்த காற்றெல்லாம் அடிவயிற்றிலிருந்து நீளமாக வெளியே போயிற்று. மடியில் குளுகுளுவென்று சத்தம். குனிந்து பார்த்தேன். முக்கால் புட்டிச் சிவப்புத் தண்ணீர் அந்தப் பக்கம் போயிருந்தது.

"அல்லாவே! புள்ள ஊதிட்டா!" என்று ஜொகராம்மா கத்தினார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் நான் மூச்சை வெளியே தள்ளப் பார்த்தேன். நெஞ்சை இறுக்கிக்கொண்டு தள்ளினால் எப்படிப் போகும்? பெருமூச்சு விடும்போது யாரும் தள்ளுவதில்லை, விட்டுவிடுகிறார்கள். முழுக்கப் போனபின் காற்று தானாக உள்ளே வந்து விழுகிறது. அன்றிலிருந்து புட்டியை எடுக்கும்போதெல்லாம் என்னைச் சலிக்கவைத்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொள்வேன். ஆளுக்குப் பஞ்சமில்லை. பெயர் கூப்பிடுகிறவன், சாமியார், மூங்கில். ஒரு வாரத்தில் ஜொகராம்மாவுக்குச் சமமாக ஊதினேன்.

பகல் இப்படிப் போனது. இரவில் ஊத முடியாது, எலியைத்தான் நினைக்க முடியும். ஒருநாள் பார்வையாளர் நேரம் முடியும்போது சூசை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். "அக்கா மேல கோவிச்சுக்காத, பிலோ" என்றார். "அத்தானுக்கு என்னா சீக்குன்னு நாங்க யாருக்கும் சொன்னதில்ல. நெஞ்சுச் சீக்குதான், காசம். இருந்தும் ஊகிச்சுக்கிட்டு, கடைசி வருசம் அந்த வீட்டுப் படி யாருமே ஏறல. அக்கா ஒத்தையா இருந்து பாத்துச்சு. அந்த எலிய அது ஏன் போயிப் பாக்குதுன்னு எனக்குத் தெரியும். கேக்க முடியல." கல்யாணம் ஆகி ஏழு வருஷம். எனக்கு இது தெரியாது. அக்காவின் கணவர் மாரடைப்பில் போனதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் அக்கா முழங்கையால் இடித்தபோது நான் புட்டியை எடுத்து ஊதினேன். இடித்தது வலித்தது என்பதும் உண்மை.

இரண்டாவது தடவை நீர் எடுத்தபோது கொஞ்சம்தான் வந்தது. ஜொகராம்மா குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். போகும்போது சமையல்காரனைக் கூப்பிட்டு ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் போனபின் வார்டு மருந்து வாசனையும் அமைதியுமாக ஆகிவிட்டது. எனக்குப் போட்டியாக ஊத ஆள் இல்லை.

பிறகு ஒரு காலை டாக்டர் வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்தார். அக்காவும் அன்றைக்குச் சீக்கிரம் வந்திருந்தார். மடியில் கடுதாசிப் பொட்டலம். டாக்டர் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"முடிவு வந்திட்டுது. நேற்று எலியை அறுத்துப் பாத்தவை. சுத்தம். ஒண்டுமில்லை. உங்களுக்குக் காசம் இல்லை, பிள்ளை."

அக்கா எழுந்து நின்று சிலுவை அடையாளம் போட்டார். "மாதாவே, ஸ்தோத்திரம்." என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"அறுத்தா?"

"ஓம், அம்மா. உள்ளுக்குப் பாக்காமல் தெரியாது."

"ஒண்ணுமே இல்லாத எலிய ஏன் அறுத்தீங்க? முந்தாநாள்கூட என் கையில தின்னுச்சே! நல்லாத்தான இருந்திச்சு!"

டாக்டர் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, அந்தக் கீரைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். எலிக்காக மட்டும் அழவில்லை என்று எனக்குத் தெரியும். எலிக்காகவும்தான் அழுதார். சுற்றியிருந்த கட்டில்களில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் அவர் முதுகில் கை வைத்தேன். மூச்சு விடுங்கள், அக்கா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும்போது டாக்டர் கடைசியாகச் சொன்னது: "நீந்தப் போறனீங்கள் எண்டு கேள்விப்பட்டன். கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பத் தொடங்குங்கோ. இந்த நெஞ்சுக்கு அதைவிட நல்ல மருந்து என்னட்டை இல்லை."

அக்கா அதை நம்பவில்லை. டாக்டரின் மூளையைப் பற்றியே சந்தேகப்பட்டார். நான் உடம்பு தேறி, பள்ளிக்கூடம் போய், மறுபடி பாகாருக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் பெரிய சண்டை. சூசை இரண்டு பக்கமும் பேசி இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில், தானும் கூட வருவதானால் போகலாம் என்று அக்கா ஒப்புக்கொண்டார். வந்தார். துண்டு, மாற்றுத் துணி, பிளாஸ்கில் சூப்பு, காயு பூத்தே எண்ணெய், எல்லாவற்றோடும் பாகாரின் தூரத்துப் பலகைத் தட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். இந்தப் பக்கத் தட்டில் சிஸ்டர், குடை, மூங்கில். நான் நோயாளியாக இருந்ததைப் பற்றி சிஸ்டர் பேசவில்லை. "இன்று தலையைத் தூக்கக் கூடாது" என்றார்.

ஏற்றம் முழுதாக இருந்தது. முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். பழைய பயம் வந்து நெஞ்சைப் பிடித்தது, மூச்சு நின்றது, தலை தூக்கிக்கொண்டது. வாய் நிறைய உப்புத் தண்ணீர். "வெளியே விடுங்கள்!" என்று இங்கிருந்து. "வெளிய வா பிலோ! போதும்லா!" என்று அங்கிருந்து. நடுவில் நின்று இருமினேன். இருவரும் ஒரே நேரத்தில் என்னென்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

உஸ்ஸென்றது எனக்கு. அந்தப் பெருமூச்சோடேயே முகத்தை மறுபடி தண்ணீருக்குள் வைத்துவிட்டேன்.

மூக்கின் வழியாகவும் வாயின் வழியாகவும் குமிழி குமிழியாகக் காற்று வெளியே போயிற்று. சத்தம் எல்லாம் நின்றது. சிஸ்டர் இல்லை, அக்கா இல்லை. காதுக்குள் என் குமிழிகள் மட்டும். காற்று தீரும்போது முகத்தைத் திருப்பினேன். வலது பக்கம் திரும்பினால் அந்த ஒட்டிக்கொண்ட இடம் சுருக்கென்றது. அதனால் அடுத்த தடவை இடது பக்கம் திரும்பினேன். காற்று தானாக வந்து உள்ளே விழுந்தது. திரும்பிய நேரத்தில், "வலது பக்கம்! மிஸ் பிலோ…" என்பது மட்டும் காதில் விழுந்தது. முகத்தை உள்ளே வைத்ததும் மீதி போய்விட்டது. இன்னொரு தடவை திரும்பியபோது, "சளி புடி…" மறுபடி உள்ளே. எவ்வளவு நிம்மதி! பல மாதத்தில் முதல் தடவையாக யாரும் எனக்கு எதுவும் சொல்லாத ஓர் இடத்தில் இருந்தேன். அவசரமே இல்லாமல் போனேன். கை வீசுவதும் மூச்சு போவதும் தாமாகவே நடந்தன.

எதிர்ப் படியில் கை பட்டது. அங்கே வரை நான் ஒரு நாளும் போனதில்லை. தலையை உயர்த்திப் பார்த்தேன். அக்கா துண்டை விரித்துக்கொண்டு என்மேல் குனிந்துகொண்டிருந்தார். கண்ணெல்லாம் தண்ணீர், வாய் ஏதோ சொல்லத் திறந்துவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து சிஸ்டர் பலகையில் மூங்கிலைத் தட்டிக்கொண்டு கூப்பிடுவதும் கேட்டது.

நான் படியைக் காலால் உதைத்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, திரும்பி நீந்தத் தொடங்கினேன்.